பத்தொன்பதாவது பெயர்

தேசிய தினத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, அணிவகுப்பில் வாசிக்கும் வாத்தியக் குழுவின் நூற்றெண்பது ஜோடி வெள்ளைக் கையுறைகள் சலவைக்கடைக்கு வந்து சேர்ந்தன. வருஷா வருஷம் வருவதுதான். துவைத்து, ஈரம் போகும் முன் ஒவ்வொன்றையும் மரக்கையில் மாட்டி நிறுத்தினால்தான் விரல்கள் சுருங்காமல் காயும். அவள் அந்தக் கடையில் பன்னிரண்டு வருஷமாக நீராவி இஸ்திரி போடுகிறவள். கையுறை வேலையை முதலாளி வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். பின்கட்டில் நீள மேஜை முழுக்க வெள்ளைக் கைகள் விறைத்து நிற்க, நடுவில் நின்று அவள் சுண்டுவிரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தபோதுதான் மகள் பள்ளிக்கூடப் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஒன்பது வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையில் முத்திரை குத்திய உறை.

"அம்மா, இந்த வருஷம் நான்தான் பதில் சொல்லப் போறேன்! ஸ்கூல்ல எல்லாரும் கை தட்டினாங்க."

அவள் கையிலிருந்த கையுறையைக் கீழே வைத்தாள். உறையைப் பிரிக்காமலேயே விஷயம் புரிந்துவிட்டது. அதை வாங்கி, எழுத்து தெரியாமல் மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

அந்த விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அறுபது வருஷத்துக்கு முன், நாட்டின் கொடி முதன்முதலாக ஏறிய காலையில், ஜனங்கள் நின்று பார்க்க மைதானத்தில் கட்டியிருந்த மரப்படி மேடை பாரம் தாங்காமல் சரிந்தது. நாற்பத்தொரு பேர் போனார்கள். மறு வருஷம் கொடி ஏற்றும் முன் அவர்களுடைய பெயர்களை வாசித்தார்கள். வாசிப்பது, பிறகு ஒரு நிமிஷம் மௌனம், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் கூட்டத்தில் இருந்த ஒரு தகப்பனுக்கு, ஒன்பது வயது மகளின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டதும் என்ன தோன்றியதோ, வகுப்பில் வருகை எடுக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்று "இருக்கா! இருக்கா!" என்று கத்திவிட்டார். அடுத்த பெயரை வாசித்தபோது இன்னொருவர் எழுந்தார். அதற்கடுத்து இன்னொருவர். கடைசிப் பெயர் வரைக்கும் அப்படியே போயிற்று. அரசாங்கத்துக்கு எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு படிவம் அடித்தால்தான் தூக்கம் வரும். மறு வருஷமே விதி போட்டுவிட்டார்கள். குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து, இறந்துபோனவரே வந்து நின்று சொல்வது போல, 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயர் பட்டியலை விட்டுப் போகும்.

முதலில் கத்தின அந்தத் தகப்பன் அவளுடைய தாத்தா. செத்துப்போன சிறுமி அவளுடைய அத்தை. பட்டியலில் பத்தொன்பதாவது. தாத்தா போனபின் அவளுடைய அப்பா பதில் சொன்னார். நாற்பத்தைந்தாவது வயதில் அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை செய்து குரலையே எடுத்துவிட்டார்கள். தாத்தாவின் ரத்தத்தில் வேறு ஆள் இல்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அத்தையின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, "இருக்கேன்" என்றாள். கணீரென்று சொன்னாள் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

மறுநாள் காலை அம்மா அடுப்படியிலிருந்து அவளைக் கூப்பிட்டாள். "என்னம்மா?" என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து யாரோ "என்னம்மா?" என்றார்கள். அவள் குரல் இல்லை. அவளுடையதைவிடக் கொஞ்சம் மெல்லிய, சளி பிடித்த குரல். அறையில் வேறு யாரும் இல்லை. அம்மா எதையும் கவனிக்கவில்லை. "சட்டுனு வா" என்றாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் வருகை எடுத்தபோதும் அப்படியே நடந்தது. டீச்சர் தலை நிமிராமல், "ஒரு தடவ சொன்னாப் போதும்" என்றாள். வகுப்பே சிரித்தது. இடது பக்கத்தில் இன்னொரு சிரிப்பும் கேட்டது.

வந்தவள் அடிக்கவில்லை, பயமுறுத்தவில்லை, பொருளை உடைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பேய்க்கதைகளில் வருகிற எந்தச் சேட்டையும் கிடையாது. இடது பக்கம் ஒரு ஆள் இருப்பாள், அவ்வளவுதான். கூப்பிட்டால் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். இவளுக்குப் பதினைந்து வயதானது, இருபதானது, கல்யாணமானது. பக்கத்தில் இருந்தவளுக்கு ஒன்பதுதான். இருபத்தேழு வருஷத்தில் தனியாக ஒரு மணி நேரம் இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. தன் பெயருக்குத் தானே முதலில் பதில் சொன்னதும் ஞாபகமில்லை. சில நாள், யாராவது கூப்பிட்டுப் பதில் போன பிறகு, சொன்னது யார் என்று அவளுக்கே தெரியாமல் போகும். மற்றதெல்லாம் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தாள். யாரும் அடுத்த அறையிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நேரில் வந்து, முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பேருந்து ஓட்டும் கணவன் இதை வைத்து அவளை ஓட்டாத நாள் இல்லை. "உங்கம்மாவைப் பார்க்கணும்னா முன் அனுமதி வாங்கணும், அமைச்சர் கணக்கா" என்பான் மகளிடம். அவனிடம் அவள் காரணம் சொல்லவில்லை. சொன்னது ஒரே ஒருவரிடம்தான். பன்னிரண்டு வயதில், அப்பாவிடம்.

அப்பா அப்போது சட்டைப்பையில் சின்ன நோட்டும் பென்சிலும் வைத்திருப்பார். அவள் வீட்டில் வந்து இருக்கிற இப்போதும் அப்படித்தான். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, அவர் திட்டவில்லை, மருத்துவரிடம் கூட்டிப் போகவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினார்: 'எந்தப் பக்கம்?' அவள் இடது பக்கத்தைக் காட்டினாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் அப்பா அவளுக்கு இடது பக்கம்தான் நடப்பார், நடுவில் ஒரு சின்ன இடம் விட்டு. மரமேடை சரிந்த அன்று தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். அன்றைக்கு அவருக்குப் பன்னிரண்டு வயது. காகிதக் கொடி வாங்க ஒரே ஒரு நிமிஷம் கையை விட்டுவிட்டு இறங்கினார். கொடியோடு திரும்பியபோது மேடை இல்லை.

உறை வந்த மறுநாள் முதலாளியிடம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அவள் விழாக்குழு அலுவலகத்துக்குப் போனாள். படிகளில் எல்லாம் சுருட்டி வைத்த தோரணங்கள், தாழ்வாரத்தில் பேர் எழுதிய நாற்காலிகள். படிவங்களைப் பார்க்கிற அதிகாரி அம்மாள் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டாள்.

"அறுபதாவது வருஷம்மா. இந்தத் தடவ பதில் சொல்றது எல்லாமே பிள்ளைங்கதான்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. முப்பத்தாறு குடும்பம் கையெழுத்து போட்டாச்சு. நீங்க ஒருத்தங்கதான் பாக்கி."

"இருபத்தேழு வருஷமா நான்தான் சொல்றேன். இந்த வருஷமும் நானே சொல்லிடறேங்க. அவளுக்குக் கூட்டம்னா பயம்."

"உங்க பொண்ணா? டீச்சர் எழுதியிருக்கறதப் பார்த்தா மைக்கைப் புடுங்கிட்டுப் பேசுவா போலிருக்கே." அதிகாரி அம்மாள் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்தாள். "விருப்பம் இல்லன்னா விட்டுடுங்க. ஆனா மூணு தடவ கூப்பிட்டும் பதில் இல்லன்னா பேரு போயிடும். நாற்பத்தொண்ணு முப்பத்தேழானது அப்படித்தான்."

"அந்த நாலு பேரும் என்ன ஆனாங்க?"

"செத்தவங்க என்னம்மா ஆவாங்க?" என்றாள் அதிகாரி அம்மாள்.

எப்போதும் முந்திக் குரல் கொடுக்கிற இடது பக்கத்து ஆள்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். போடாமல் வந்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம். பேரை நானே அழித்துவிட்டேன் என்று அப்பா முன்னால் போய் நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. மகளைக் கொடுக்கவும் மனசில்லை. அப்பாவா மகளா என்று கேட்டால் எந்தத் தாயும் சட்டென்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்க்கிற வேலைதான் கஷ்டம். விழா அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தால், மகள் கண்ணாடி முன் வெள்ளைப் பாவாடை சட்டையோடு நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகக் குவிந்திருந்தது. ஓடிப்போய் வாயைப் பொத்தினாள். பிள்ளை மிரண்டுவிட்டது.

"வீட்டுல சொல்லக் கூடாது. ஒத்திகையிலயும் சொல்லக் கூடாது."

"ஒத்திகையில பேரே கூப்பிடலம்மா. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர்தான் கூப்பிட்டாங்க. நான் 'பத்தொன்பது'ன்னு கத்தினேன்."

போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளையை மடியில் இழுத்து உட்காரவைத்து, "விழாவுலயும் நீ வாயத் திறக்காத. அம்மா பாத்துக்கறேன். எனக்காக" என்றாள். வகுப்பு முழுக்கப் பார்க்க வருகிறது, டீச்சர் வருகிறாள், சொல்லாவிட்டால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று மகள் அழுது தீர்த்தாள். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய துக்கம் எது? கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சரி, சொல்லல" என்றாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற பிள்ளை. அந்த விஷயத்தில் அப்பனைக் கொண்டிருந்தது.

அறை வாசலில் அப்பா நின்றிருந்ததை அவள் அப்புறம்தான் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. குரல் இல்லாத மனிதர் வந்து நிற்பதும் போவதும் சத்தம் இல்லாமல்தான். அன்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 'நான் ஒரு தடவை கையை விட்டேன். நீயும் விட்டுடாதே.' அவள் அதைப் படித்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்பாவும் தலை நிமிரவில்லை. ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்று பென்சிலைக்கூடத் தேடினாள். என்ன எழுதுவது?

விழாக் காலை வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. மைதானத்தில் இப்போது மரமேடை கிடையாது. சிமெண்டுப் படிகள், அதன் மேல் நீள நீளப் பெஞ்சுகள். முன்வரிசை முழுக்கக் குடும்பங்களுக்கு. அவளுக்கு இடது பக்கம் அப்பா, வழக்கம் போல நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார். வலது பக்கம் மகள். மகளுக்கு அந்தப் பக்கம் இருபதாவது பெயருக்குப் பதில் சொல்லவிருக்கும் பெண்பிள்ளை, ரெட்டைச் சடையோடு. அதற்கப்பால் வரிசை கடைசிவரை வெள்ளைச் சட்டைகள். கணவன் வண்டியை நிறுத்திவிட்டுப் பொதுமக்கள் பக்கம் எங்கேயோ நின்றான். வாத்தியக் குழு வந்து நின்றபோது, அவள் நீவி அனுப்பிய வெள்ளை விரல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மடங்கின. வேறொரு வருஷமாக இருந்தால் அதைப் பார்த்து உள்ளுக்குள் பெருமைப்பட்டிருப்பாள். மரியாதைப் பீரங்கிகள் முழங்கின. நாட்டின் தலைவர் வந்து உட்கார்ந்தார். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறுபது வருஷக் கதையைச் சொல்லி முடித்து, பட்டியலைப் பிரித்தார்.

முதல் பெயர். ஒரு பையன் எழுந்தான். "இருக்கேன்!" ஒலிவாங்கி அதை மைதானம் முழுக்க எடுத்துப் போயிற்று. இரண்டாவது. "இருக்கேன்." மூன்றாவது பிள்ளை பயத்தில் விக்கி விக்கிச் சொன்னது, கூட்டம் பாசமாகச் சிரித்தது. ஒவ்வொரு பிள்ளையும் சொல்லிவிட்டு உட்கார, பின்னால் யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பத்து. பதினைந்து. மகள் உதட்டை உள்ளுக்கு மடித்து, பல்லால் கடித்து வைத்திருந்தாள். பதினெட்டு.

அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

யாரும் எழவில்லை. அறிவிப்பாளர் தாளைப் பார்த்தார், முன்வரிசையைப் பார்த்தார். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்த இடத்தில் குசுகுசுவென்று சத்தம். மகளின் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். எழுபத்திரண்டு வயதுக் கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். தொண்டையிலிருந்து வெறும் காற்று வந்தது. அவர் சொல்ல முயல்வது அந்த ஒரே சொல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. இடது பக்கத்தில் அந்தச் சின்ன ஆளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. எப்போதும் முந்திக்கொள்கிறவள், இன்றைக்கு யாராவது சொல்லட்டும் என்று இருந்தாள்.

மூன்றாவது முறை கூப்பிட்டார்கள். மகளின் உதடு பிரிகிற மாதிரி இருந்தது. மகளை முந்திக்கொண்டு அவள் எழுந்துவிட்டாள்.

"அவ இல்லங்க," என்றாள். "செத்துட்டா. அறுபது வருஷம் ஆச்சு. இங்க யாரும் இல்ல."

ஒலிவாங்கி இதையும் மைதானம் முழுக்க எடுத்துப் போயிற்று. எங்கேயோ சுவரில் பட்டு, 'இல்ல' என்று ஒரு முறை திரும்பி வந்தது. அறுபது வருஷத்தில் யாரும் அந்த மைதானத்தில் சொல்லாத சொல். அப்பாவின் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக விட்டார்.

இடது பக்கம் காலியாயிற்று. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. இருபத்தேழு வருஷமாகத் தோளோடு உரசிக்கொண்டு இருந்தவள் எழுந்து போனது தெரியாமலா இருக்கும்? நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பச்சைப் பிள்ளையை வீட்டை விட்டு அடித்துத் துரத்தின பாவம்தான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. திரும்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவின் பக்கம் பார்க்கத் துணியவில்லை. அவர் அழுவது கேட்காது. அதனால் பார்க்காமல் இருப்பது சுலபமாக இருந்தது.

அறிவிப்பாளர் கொஞ்சம் தடுமாறி, பட்டியலில் ஏதோ கோடு கிழித்துவிட்டு, இருபதாவது பெயரைக் கூப்பிட்டார். ரெட்டைச் சடைப் பெண் துள்ளி எழுந்தாள். "இருக்கேன்!"

அப்போது மகள் நகர்ந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள். பயந்துவிட்டாள் பாவம், இத்தனை கூட்டத்தில் அம்மா இப்படிப் பேசினால் பிள்ளை என்ன செய்யும் என்று நினைத்து, தோளைச் சுற்றிக் கையைப் போட்டு அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு நடுங்கவில்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டது, இனி ஒன்றும் இல்லை, ஒன்றும் வராது என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு உச்சந்தலையில் முத்தமிட்டாள். மகள் அவள் பக்கம் திரும்பவில்லை. விரிந்து கிடந்த பாவாடையைத் தன் தொடைக்கடியில் ஒதுக்கிச் செருகிக்கொண்டிருந்தாள்.

பதில் சொல்லி முடித்த ரெட்டைச் சடைப் பெண் உட்காரப் போனாள். மகள் சட்டென்று உள்ளங்கையைப் பெஞ்சின் மேல் ஊன்றி மறித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றாள். "இங்க ஆளிருக்கு."

அந்தப் பெண் காலி இடத்தைப் பார்த்தது, மகளின் முகத்தைப் பார்த்தது. பிறகு மறுபேச்சு இல்லாமல் தள்ளி உட்கார்ந்தது. அதற்கு இடம் வேண்டி அதன் அப்பா நகர்ந்தார். அவருக்காக அடுத்தவர்கள் நகர்ந்தார்கள். இருபத்தோராவது பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வெள்ளைச் சட்டைகளின் வரிசை முழுவதும், பெஞ்சின் கடைசி நுனி வரைக்கும், ஒரு சின்ன ஆளுக்கான இடம் விட்டு மெல்ல நகர்ந்துகொண்டே போயிற்று.